மனுப் போட்டால் மட்டும் போதுமா?
நாடுகள் ஒன்று சேர்வதில் உள்ள தடைகள் பற்றி ஒரு ரயில்வேக்காரரின் விளக்கம்

மார்டள்ளி என்றால் நம் சங்கத்து அன்பர்களில் பலருக்கு எந்தப் பக்கம் என்று தெரியாது. மாதேஸ்வரன் மலைக்கு அருகே, ஹனூர் தாலுகாவில் இருக்கிறது. மலையைத் தாண்டி இறங்கிப் பாலாற்றைக் கடந்தால் மேட்டூர் போய்விடலாம். வீட்டுக்கு வீடு தமிழ் பேசும் ஊர்.

உங்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக ரயிலேறி மைசூருக்கும் பெங்களூருக்கும் வந்தவர்கள். எங்கள் கதை வேறு. நாங்கள் எங்கும் போகவில்லை. மாநிலம்தான் எங்களைத் தேடி வந்தது. 1956 அக்டோபர் 31 வரை எங்கள் கொள்ளேகால் தாலுகா சென்னை ராஜ்யத்துக் கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. மறுநாள் விடிந்தபோது மைசூர் ராஜ்யம். 1973இல் அதன் பெயர் கர்நாடகம் ஆயிற்று. 1997இல் மைசூர் மாவட்டத்தைப் பிரித்தபோது சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போனோம். வீடும் தோட்டமும் அதே இடத்தில்தான் இருக்கின்றன.

சென்ற டிசம்பர் விடுமுறைக்கு என் பேத்தி பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். கிழக்குத் தைமூர் என்ற சின்ன நாடு ஆசியான் கூட்டமைப்பில் சேர்ந்ததைப் பற்றிப் பள்ளியில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்களாம். 2011 மார்ச்சில் மனுப் போட்ட நாடு அது. 2025 அக்டோபர் 26ஆம் தேதி கோலாலம்பூரில்தான் பதினோராவது உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள்.

"பதினாலு வருஷம் ஏன் தாத்தா காக்க வைச்சாங்க? நம்ம ஊரு ஒரே ராத்திரியில மைசூர்ல சேர்ந்துடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டாள்.

நான் ரயில்வேயில் நிரந்தரப் பாதைப் பிரிவில் வேலை பார்த்தவன். படித்தது டிப்ளமோ. அரசியல் சாத்திரம் என் பாடமல்ல. ஆனால் இரண்டு பாதைகளை ஒன்றாக இணைப்பதில் என்னென்ன சங்கடம் வரும் என்பது எனக்குத் தெரியும். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு அவளுக்குச் சொன்னதையே இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

கையெழுத்து ஒரு நாள், இணைப்பு நாலு வருடம்

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அதிலிருந்து தொடங்குவோம்.

மைசூர் ஒரு தனி சமஸ்தானமாக இருந்தது. 1947 ஆகஸ்டில் மகாராஜா ஜெயசாமராஜ உடையார் இந்திய யூனியனுடன் சேரும் பத்திரத்தில் கையெழுத்திட்டார். அப்போது திவானாக இருந்தவர் நம் ஆர்க்காடு ராமசாமி முதலியார். அந்தப் பத்திரத்தில் மகாராஜா விட்டுக் கொடுத்தவை மூன்றே விஷயங்கள்: பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, போக்குவரத்தும் தகவல் தொடர்பும். மற்றதெல்லாம் சமஸ்தானத்திடமே இருந்தது. விட்டுக் கொடுப்பது குறைவாக இருந்ததால் கையெழுத்து சீக்கிரம் விழுந்தது.

அதன்பின் ஒவ்வொன்றாக வந்தது. மக்களிடம் பொறுப்பான ஆட்சி வேண்டும் என்று 'மைசூர் சலோ' போராட்டம் கிளம்பியது. 1947 அக்டோபரில் கே.சி. ரெட்டி தலைமையில் மந்திரிசபை அமைந்தது. 1949 நவம்பரில் இந்திய அரசியல் சட்டத்தை மைசூருக்கும் ஏற்பதாக மகாராஜா பிரகடனம் செய்தார். 1950இல் மைசூர் ஸ்டேட் ரயில்வே மத்திய சர்க்காரின் கைக்குப் போயிற்று. 1951 ஏப்ரல் 14ஆம் தேதி, மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே, சவுத் இந்தியன் ரயில்வே, மைசூர் ரயில்வே ஆகிய மூன்றையும் சேர்த்துத் தென்னக ரயில்வே பிறந்தது. நான் பிற்பாடு உத்தியோகத்தில் சேர்ந்தது அந்தத் தென்னக ரயில்வேயில்தான்.

ஆக, கையெழுத்து ஒரு நாளில் முடிந்தாலும் முழு இணைப்புக்கு ஏறக்குறைய நான்கு வருடம் பிடித்திருக்கிறது. ஒரே தேசம், ஒரே சுதந்திர வேகம், ஒரே நாணயம் எல்லாம் இருந்தும் இப்படி. சுதந்திர நாடுகள் ஒன்றோடொன்று சேர்வது என்றால் எவ்வளவு சிக்கல் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் தலையாட்ட வேண்டும்

ஐரோப்பிய யூனியனில் இப்போது 27 நாடுகள். புதிதாக ஒரு நாட்டைச் சேர்க்க 27 பேரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் முடியாது என்றால் முடியாதுதான். கல்யாண வீட்டில் ஒரே ஒரு மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டதால் நிச்சயதார்த்தம் தள்ளிப்போனது நம் குடும்பங்களில் நடக்காததா?

பிரிட்டனுக்கே இது நடந்தது. 1961இல் அன்றைய ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர மனுச் செய்தது. பிரெஞ்சு ஜனாதிபதி டி கால் 1963இல் மறுத்தார். 1967இல் மறுபடியும் மறுத்தார். அவர் பதவி விலகிய பிறகுதான் 1973இல் பிரிட்டன் உள்ளே நுழைந்தது.

இதைவிடப் பரிதாபம் மாசிடோனியா கதை. யுகோஸ்லாவியாவிலிருந்து 1991இல் பிரிந்த சிறு நாடு. பக்கத்து நாடான கிரீஸில் மாசிடோனியா என்ற பெயரில் ஒரு பகுதி உண்டு. "அந்தப் பெயரை நீ வைத்துக்கொண்டால் நாளைக்கு எங்கள் நிலத்தையும் கேட்பாய்" என்று கிரீஸ் வழிமறித்தது. கடைசியில் அந்த நாடு 2019இல் தன் பெயரையே வட மாசிடோனியா என்று மாற்றிக்கொண்டது. சரி, வழி திறந்தது என்று நினைத்தால், 2020இல் பல்கேரியா எழுந்து நின்றது. "உங்கள் மொழி தனி மொழியல்ல, எங்கள் பல்கேரிய மொழிதான்" என்றது. 2022இல் ஒருவாறு பேச்சுவார்த்தை தொடங்கியது. தன் நாட்டில் வாழும் பல்கேரியர்களை அரசியல் சட்டத்தில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது.

கதவு திறக்க வேண்டியவனே பக்கத்து வீட்டுக்காரன். அவனிடம்தான் பழைய வரப்புத் தகராறும் இருக்கிறது. துருக்கி 1987இல் மனுக் கொடுத்து, 2005இல் பேச்சுத் தொடங்கியது. சைப்ரஸ் தீவு விவகாரத்தால் அடுத்த வருடமே எட்டு அத்தியாயங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. சைப்ரஸ் 2004இலேயே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. துருக்கியில் ஜனநாயகமும் நீதித்துறையும் இருக்கும் நிலை பற்றிய மனக்குறையும் பிறகு சேர்ந்துகொண்டது. ஐரோப்பிய யூனியனின் மந்திரிகளே 2018இல் பேச்சு நின்றுபோய்விட்டது என்று ஒப்புக்கொண்டார்கள்.

தைமூர் விஷயம் சற்று வேறு மாதிரி. ஆசியானிலும் எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் காரியம் நடக்கும். அங்கே எழுந்த கேள்வி, இந்த நாட்டால் தாக்குப்பிடிக்க முடியுமா என்பது. 2002இல்தான் சுதந்திரம் அடைந்த ஏழை நாடு. ஆசியானில் வருடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டங்கள், எல்லாம் ஆங்கிலத்தில். அத்தனைக்கும் ஆள் அனுப்ப வேண்டும், ஒப்பந்தங்களைப் படித்துச் சட்டமாக்க வேண்டும். அதற்குத் தேறிய உத்தியோகஸ்தர்களை உருவாக்கவே ஆண்டுகள் ஓடின. 1967இல் பாங்காக்கில் ஆசியானைத் தொடங்கியபோது சிங்கப்பூருக்காகக் கையெழுத்திட்டவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம் என்பதையும் பேத்தியின் கட்டுரையில் எழுதச் சொன்னேன்.

676 மில்லிமீட்டர்

இனி என் தொழிலுக்கு வருகிறேன்.

மீட்டர் கேஜ் என்றால் இரு தண்டவாளங்களுக்கு இடையே 1000 மில்லிமீட்டர். பிராட் கேஜ் 1676. வித்தியாசம் 676 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒன்றரை முழம். பெங்களூர் – மைசூர் மீட்டர் கேஜ் பாதையை 1990களில் அகலப்படுத்தினார்கள். அந்தக் காலத்தில் பார்க்கிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பார்கள்: "ஒரு தண்டவாளத்தைக் கொஞ்சம் நகர்த்திப் போட வேண்டியதுதானே சார், இதற்கா இத்தனை நாள்?"

நகர்த்தினால் போதாது. மண்கரையை அகலமாக்க வேண்டும். சிறு மதகு முதல் பெரிய பாலம் வரை கூடுதல் பாரம் தாங்குமா என்று பார்த்துப் பலப்படுத்த வேண்டும். வளைவுகளைத் திருத்த வேண்டும். பிளாட்பாரத்தை இடித்துக் கட்ட வேண்டும். சிக்னல் மாறும், பாயிண்ட் மாறும், பெட்டி மாறும், எஞ்சின் மாறும். அதை ஓட்டுகிறவருக்கும் பாதையைப் பார்த்துக்கொள்ளும் கேங்மேனுக்கும் பயிற்சி வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார். அவர் ரயில்வே மந்திரிக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். அவர் சான்று தந்தால்தான் பயணிகள் வண்டி ஓடும்.

ஐரோப்பிய யூனியனில் சேர்வதும் அப்படித்தான். 1993இல் கோபன்ஹேகன் மாநாட்டில் நிபந்தனைகளை வகுத்தார்கள். நிலையான ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, மனித உரிமை, சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு, போட்டியைத் தாங்கும் சந்தைப் பொருளாதாரம், யூனியனின் சட்டங்களை ஏற்று நடத்தும் திறமை ஆகியவை வேண்டும். அந்தச் சட்டங்களை 35 அத்தியாயங்களாகப் பிரித்து, மீன்பிடிப்பு, பால், சுங்கம், நீதித்துறை என்று ஒவ்வொன்றாகப் பரிசோதிப்பார்கள். துருக்கி அந்த 35இல் 16 அத்தியாயங்களைத் திறந்து, ஒன்றே ஒன்றைத்தான் முடித்தது. குரோஷியா எல்லாவற்றையும் முடித்து 2013இல் உள்ளே போயிற்று.

கேஜ் என்று நான் சொன்னது வெறும் உவமைக்காக அல்ல. எஸ்டோனியா, லாத்வியா, லித்துவேனியா மூன்றும் 2004இல் யூனியனில் சேர்ந்தன. ஆனால் அவற்றின் ரயில் பாதை பழைய ரஷ்ய அளவான 1520 மில்லிமீட்டர். மேற்கு ஐரோப்பாவில் 1435. இருபது வருடத்துக்கு மேலாகியும் 1435 அளவில் புதுப் பாதை கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். உக்ரைன் 2022இல் வேட்பாளர் நாடாக அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து தானியம் ஏற்றிவரும் வண்டிகள் போலந்து எல்லையில் நிற்கின்றன. சரக்கை இறக்கி ஏற்ற வேண்டும், அல்லது பெட்டியின் சக்கரத்தை மாற்ற வேண்டும். பெங்களூரில் பிராட் கேஜ் வண்டியிலிருந்து மீட்டர் கேஜ் வண்டிக்குக் கூலிகள் மூட்டை மாற்றியதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேதனை புரியும்.

யாருக்கு நஷ்டம்?

சேரும்போது யாரோ ஒருவர் வருமானத்தை இழக்கிறார். அந்த நஷ்டத்தை யார் ஈடுகட்டுவது என்று பேசி முடிக்காவிட்டால் இணைப்பு நிலைக்காது.

மைசூர் சேர்ந்தபோது ரயில்வே வருமானம், வருமான வரி போன்றவை மத்திய சர்க்காருக்குப் போயின. சமஸ்தானத்தின் பட்ஜெட்டில் துண்டு விழுந்தது. வி.டி. கிருஷ்ணமாச்சாரி தலைமையில் ஒரு கமிட்டி போட்டு, சமஸ்தானங்களின் கணக்கு வழக்குகளை ஆராய்ந்தார்கள். இழப்புக்கு மத்திய சர்க்கார் உதவி தர ஒப்பந்தம் செய்துகொள்ளலாம், அந்த ஒப்பந்தம் பத்து ஆண்டுக்கு மேல் நீடிக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 278ஆவது பிரிவில் அன்று எழுதினார்கள். இது நல்ல ஏற்பாடு என்பேன். வேலைத்தளத்தில் பழைய பாலத்தைப் பிரிக்கும்போது தற்காலிக முட்டு கொடுப்போம் அல்லவா, அது மாதிரி.

ஐரோப்பாவிலும் முட்டுக் கொடுத்தார்கள். ஆனால் அங்கே முட்டு, பழைய உறுப்பினர்களுக்கும் சேர்த்து. 2004இல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்தபோது அவர்களுடைய விவசாயிகளுக்கு நேரடி உதவித்தொகையை முதல் வருடம் 25 சதவீதம் என்று தொடங்கி, படிப்படியாகத்தான் உயர்த்தினார்கள். அந்த நாட்டுத் தொழிலாளர்கள் மேற்கே போய்த் தாராளமாக வேலை செய்வதை ஏழு வருடம் வரை தடுத்துவைக்கவும் இடம் கொடுத்தார்கள். ஜெர்மனி 2011 வரை தடுத்தது. வெளியூர்க்காரன் வந்தால் உள்ளூர்க்காரன் வேலை போய்விடும் என்ற பயம்தான். பிழைக்க வந்த நமக்கு இந்தப் பேச்சு புதிதல்ல.

வீட்டுக்குள் கேட்க வேண்டும்

வாசலில் இருப்பவர்கள் வா என்று அழைத்தும் போகாதவர்கள் உண்டு. நார்வே அரசாங்கம் இரண்டு முறை பேச்சை முடித்து, கையெழுத்தும் போட்டுவிட்டு மக்களிடம் வாக்கெடுப்புக்குப் போனது. 1972இல் 53.5 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 1994இல் 52.2 சதவீதம். தங்கள் கடல் மீனும் தங்கள் விவசாயமும் பிறர் கைக்குப் போய்விடும் என்ற அச்சம் அதில் பெரும்பங்கு. அரசாங்கமும் பேசாமல் கட்டுப்பட்டது. இன்று நார்வேயில் வாழும் நம் ஈழத்து உறவுகள் வாழ்வது யூனியனுக்கு வெளியேதான். ஆனாலும் நார்வே தனி ஒப்பந்தத்தின் பேரில் அதன் சந்தைக்குள் இருக்கிறது.

நம் பாண்டிச்சேரியில் வேறு விதமான தாமதம். 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவுடன் சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. 1956 மே மாதம் ஒப்பந்தமும் கையெழுத்தானது. ஆனால் பிரான்ஸின் பார்லிமெண்ட் ஒப்புதல் தரவேண்டுமே! அது நடந்து, சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதிதான் வந்தது. நடுவில் எட்டு வருடம் பாண்டிச்சேரி நடப்பில் இந்தியாவாகவும் காகிதத்தில் பிரான்ஸாகவும் இருந்தது.

எங்களைக் கேட்டார்களா?

இப்போது பேத்தியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எங்கள் ஊர் மட்டும் ஏன் ஒரே ராத்திரியில் சேர்ந்தது?

காரணம் எளிது. எங்களை யாரும் கேட்கவில்லை. கேட்டால்தானே தாமதம்! மாநிலச் சீரமைப்புக் கமிஷன் விசாரித்தது, பார்லிமெண்ட் 1956இல் சட்டம் போட்டது, தாலுகா மாறியது. தாலுகா முழுவதையும் எடுத்துக்கொண்டால் கன்னடம் பேசுவோர் அதிகம் என்பதும் உண்மை. அதனால் அந்த முடிவைத் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தாலுகாவுக்கு உள்ளே எங்களைப் போலத் தமிழ் ஊர்களும் இருந்தன.

கையெழுத்து ஒரே ராத்திரியில் முடிந்ததே தவிர, இணைப்பு முடியவில்லை. அந்தச் சட்டத்தின் 119ஆவது பிரிவு, மாற்றிச் சட்டம் போடும்வரை பழைய மாநிலத்துச் சட்டமே அந்தந்தப் பகுதியில் செல்லும் என்றது. புதிய மைசூர் ராஜ்யத்துக்குள் பழைய மைசூர், பம்பாய், ஹைதராபாத், சென்னை, குடகு என்று ஐந்து இடத்துச் சட்டங்கள் அருகருகே நடந்தன. மைசூரில் இருந்துகொண்டே சட்டப் புத்தகத்தில் நாங்கள் 'மெட்ராஸ் பகுதி'. எல்லாப் பகுதிக்கும் பொதுவான நில வருவாய்ச் சட்டமே 1964இல்தான் வந்தது. கேஜ் மாற்றும் வேலையை வண்டி ஓடும்போதே செய்தார்கள் என்று சொல்லலாம்.

என் தந்தையார் அடிக்கடி சொல்லும் சம்பவம் ஒன்று. ராஜ்யம் மாறிய புதிதில் நிலத்து விஷயமாக ஓர் அலுவலகத்துக்கு மனு எழுதிக்கொண்டு போனார். பழக்க தோஷத்தில் மேலே 'கோயம்புத்தூர் ஜில்லா' என்று எழுதிவிட்டார். மனு திரும்பி வந்தது. திருத்தி எழுதிக்கொண்டு போனார். தமிழில் இருக்கிறது என்று மறுபடியும் திரும்பி வந்தது. ஒரு நாள் கூலி போய், பஸ் காசும் போய், வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்த கன்னடக் குமாஸ்தா ஒருவர் விவரத்தைக் கேட்டு, தம் கைப்படக் கன்னடத்தில் எழுதிக் கொடுத்தார். காசு கொடுத்ததற்கு வாங்க மறுத்துவிட்டார். "எனக்கும் ராமநாதபுரத்துப் பக்கம் மாற்றல் ஆகியிருந்தால் இதே கதிதானே" என்றாராம். அப்பா சாகும்வரை அந்த மனிதரைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் ஒன்று: அன்று அந்தக் குமாஸ்தா வெளியே வராமல் இருந்திருந்தால்? குடிமகனின் காரியம் ஒரு நல்ல மனிதரின் சாப்பாட்டு நேரத்தை நம்பி இருக்கக் கூடாது. அதற்குத்தான் விதி வேண்டும்.

அந்த விதியையும் அதே 1956இல் எழுதித்தான் வைத்தார்கள். ஏழாவது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்தில் 350–அ, 350–ஆ என்று இரண்டு பிரிவுகள் சேர்ந்தன. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வி தாய்மொழியில் கிடைக்க ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்பது ஒன்று. அதைக் கண்காணிக்கத் தனி அதிகாரி என்பது இன்னொன்று. கோபன்ஹேகனில் 1993இல் எழுதிய சிறுபான்மைப் பாதுகாப்பு நிபந்தனையை நம் நாடு 37 வருடம் முன்பே எழுதியிருக்கிறது. நம் குழந்தைகளின் தமிழ் வகுப்புக்காக மனுக் கொடுக்கும் பெற்றோர்கள் இந்த இரு பிரிவுகளையும் மறக்காமல் குறிப்பிட வேண்டும்.

அவசர இணைப்பின் பலன்

அவசரமாகச் சேர்ந்து, பேச வேண்டியதைப் பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியா சாட்சி. 1963 செப்டம்பர் 16ஆம் தேதி சிங்கப்பூர் மலேசியாவில் சேர்ந்தது. பொதுச் சந்தை எப்போது, வரி வருமானத்தில் யாருக்கு எவ்வளவு, எல்லா இனத்தாருக்கும் சம உரிமையா இல்லையா என்ற மூன்று கேள்விகளும் தீரவில்லை. 1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி பிரிந்தார்கள். இரண்டு வருடம்கூட ஆகவில்லை. புரூணை பேச்சுவார்த்தையோடு நின்றுகொண்டது, சேரவே இல்லை. பிரிட்டனும் 47 வருடம் உள்ளே இருந்துவிட்டு 2020 ஜனவரி 31ஆம் தேதி ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியே வந்தது.

ஆகவே பதினாலு வருடம் காத்திருந்தது முழுக்க வீண் என்று தைமூர்க்காரர்கள் நினைக்க வேண்டியதில்லை. காத்திருக்கும் காலத்தில் மதகும் பாலமும் பலப்பட்டிருந்தால் அது லாபமே. பக்கத்து வீட்டுக்காரன் பழைய கோபத்தில் கதவை அடைத்து வைத்ததால் காத்திருந்தால்தான் அது அநியாயம். ஒரு நாடு ஏன் காத்திருக்கிறது என்று பத்திரிகையில் படிக்கும்போது, இரண்டில் எது என்று பாருங்கள். பாதி விஷயம் அதிலேயே விளங்கிவிடும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு என் பேத்தி, "அப்போ நாம முழுசா சேர்ந்துட்டோமா தாத்தா?" என்றாள்.

நான் அவளுக்குப் பதிலாக அவளுடைய நோட்டுகளைக் காட்டினேன். ஒன்றில் கன்னடம், ஒன்றில் ஆங்கிலம், மூன்றாவதில் சங்கத்து ஞாயிறு வகுப்பில் எழுதிய தமிழ். என் தந்தையாருக்கு மனு எழுத இன்னொருவர் கை வேண்டியிருந்தது. இவளுக்கு வேண்டாம், கன்னட மனுவைத் தானே எழுதுவாள். அந்த மூன்றாவது நோட்டு மூடாமல் இருக்கும்வரை இணைப்பு சரியாக நடந்திருக்கிறது என்றுதான் கணக்கு, கண்ணு, என்றேன்.

அதை மூடாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.